இட்லி ரெண்டு, சாம்பார் நிறைய!

தறிக்காரனுக்குக் கண்ணும் விரலும்தான் மூலதனம். என் அப்பாவுக்கு வந்த சர்க்கரை நோய் கண்ணைத்தான் முதலில் தாக்கியது. விழித்திரை பாதித்து, ஜரிகை எது பட்டு எது என்று இழை பிரிக்க முடியாமல், 58 வயதில் தறியை விட்டு எழுந்தார்.

அதனால்தான் போன வருஷம் எனக்கு ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 வந்ததும் வயிற்றைக் கலக்கியது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. என் உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. பி.எம்.ஐ. கணக்கு 28-ஐத் தாண்டியிருந்தது. நம் நாட்டு உடம்புக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல் பருமன். இடுப்புச் சுற்றளவும் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டுமாம். "மாத்திரை இப்போ வேணாம், எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

குழித்தறியில் கால் மிதித்துக்கொண்டே இருந்தாலும் உடம்பு உட்கார்ந்தே இருக்கிறது. வீட்டுச் சமையலை மனைவி மாற்றிவிட்டாள். சிக்கல் வெளியில்தான். நூல், ஜரிகை வாங்கவும் நெய்த சேலையைக் கொடுக்கவும் தென்னேரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரம் போக வேண்டும். 'ஹோட்டல் பக்கமே போகாதே' என்ற அறிவுரை எங்கள் பிழைப்புக்கு ஒத்துவராது.

ஆகவே ஒரே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டேன். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் சுமார் 60 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120. அதாவது தோசை மேல் ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத இரண்டு இட்லி!

காலையில் பொங்கல் வடைக்குப் பதில் இரண்டு இட்லி, சாம்பார் நிறைய. சாம்பாரில் பருப்பும் காயும் இருப்பதால் பசி தாங்குகிறது. தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ள மட்டும். தோசை ஆசை வந்தால் எண்ணெய் விடாத கல்தோசை. காபி சர்க்கரை இல்லாமல்.

மதியம் அளவில்லாச் சாப்பாடுதான் பெரிய சோதனை. காசு கொடுத்தாயிற்றே என்று மறுசோறு வாங்கத் தோன்றும். நான் முதலில் பொரியலையும் கூட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுவேன். சோறு ஒரே தடவை. சாம்பாருக்குப் பாதி, ரசத்துக்கும் மோருக்கும் மீதி. அப்பளமும் பாயசமும் பக்கத்து இலைக்குப் போய்விடும்.

கோயில் இட்லியை மட்டும் விட முடியவில்லை. மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் வரதராஜப் பெருமாள் பிரசாதத்தை வேண்டாமென்றால் நான் என்ன காஞ்சிபுரத்துக்காரன்? ஒரு துண்டு வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறோம். அன்று இரவுச் சாப்பாடு கொஞ்சம் குறையும்.

சென்னைக்குப் போனால் இன்னொரு வசதி. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விலைக்குப் பக்கத்தில் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

கஷ்டமானது உபசாரம்தான். சேலை வாங்கும் வியாபாரி, "ஒரு ஸ்வீட் சாப்பிடுங்கண்ணே" என்றால் மறுப்பது மரியாதையில்லை என்று நினைப்பேன். இப்போது, "அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கும் எட்டிப் பார்க்குது" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பாதிப் பேர், "எனக்கும்தான்" என்கிறார்கள்.

எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. ஹெச்பிஏ1சி 5.8. வாசற்படியை விட்டு இன்னும் முழுசாக இறங்கவில்லை, ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறேன். (ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம்.)

வழக்கமான ஹோட்டலில் இப்போதெல்லாம் நான் உட்காரும்போதே சர்வர் தம்பி கேட்டுவிடுகிறார்: "அண்ணே, எண்ணெய் இல்லாமத்தானே?"