என்பும் உள்ளமும்

உடைதல் என்னும் சொல்லைத் தமிழர் எலும்புக்கும் வழங்குவர், மனத்துக்கும் வழங்குவர். இவ்வழக்கு வெறும் உவமையன்று என எண்ண மருத்துவ ஆய்வுகள் இடந்தருகின்றன.

சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில், முதுகு கூனிய மூதாட்டியரைக் காணலாம். ‘நாரி நோவு’ என்பதே அவர்கள் கூறும் குறை. அத்தகையாள் ஒருத்தியை எண்ணிப் பார்த்தல் தகும். 1990 ஆகஸ்ட் 12இல் அவ்வூரில் நிகழ்ந்த படுகொலையில் கணவனை இழந்தவள் அவள். வயல்வேலையால் உரம்பெற்ற உடல், அதன்பின் வீட்டுக்குள் ஒடுங்கிற்று. உணவு சுருங்கியது, உறக்கம் அகன்றது. பல்லாண்டுகள் கழித்து முற்றத்தில் இடறி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்தது ஒரு கணத்தில். எலும்பு நலியத் தொடங்கியதோ எக்காலத்தில்?

மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரசன் சுரப்புக் குன்றுவதால் எலும்பின் அழிவு அதன் ஆக்கத்தை விஞ்சுகிறது. எலும்புப்புரை நோய்க்கு இதுவே பெண்களிடத்து முதன்மைக் காரணம். நீடித்த உளச்சோர்வு இந்நலிவை மிகுவிக்கக்கூடும். சோர்வுற்றோர் பலரிடம் கோட்டிசோல் மிகுந்து சுரக்கிறது. அது எலும்பை ஆக்கும் கலங்களை ஒடுக்குவது. உழைப்புக் குறைந்தால் எலும்பு வலுவிழக்கிறது. வெயில் படாவிடின் விற்றமின் டி குறைந்து, உண்ணும் கல்சியமும் உடலில் சேர்வதில்லை. உளச்சோர்வுக்கு ஆளாகியிருந்த 24 பெண்களை நலமுடைய 24 பெண்களோடு ஒப்பிட்டு 1996இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், முன்னவரின் முள்ளந்தண்டு எலும்படர்த்தி சராசரியாக நூற்றுக்கு 6.5 வீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வே எனினும், பின்வந்த ஆய்வுகள் பலவும் இத்தொடர்பையே சுட்டின.

இத்தொடர்பு ஒருவழிப் பாதையுமன்று. எலும்பு முறிந்தவள் மீண்டும் விழுவோமோ என அஞ்சுகிறாள். அச்சம் அவளை அறைக்குள் இருத்துகிறது. தனிமை சோர்வை வளர்க்கிறது. சோர்வு எலும்பை மேலும் நலிவிக்கிறது.

கல்முனை, மருதமுனைக் கரைகளில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த முஸ்லிம், தமிழ்த் தாய்மாரும் முதுமையை நெருங்குகின்றனர். அவர்தம் நோவை முதுமையின் இயல்பென்று ஒதுக்குவது எளிது, நீதியன்று. நாரி நோவென்று வருபவளிடம் உறக்கத்தையும் உள்ளத்தையும் வினவுதல் வேண்டும். உளச்சோர்வுக்கு மருந்துண்ணும் மூதாட்டியின் எலும்படர்த்தியையும் சோதித்தல் வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலியும், எருமைத் தயிரும், காலை வெயிலில் சிறு நடையும் இப்பகுதியில் அரியனவல்ல. அந்நடைக்கு உடன்வரும் ஒருவரே பலருக்கும் அரியவர்.