சம்பல் நதிக்கரையில் ஒரு கணக்குப் பட்டணம்

தில்லியிலிருந்து பம்பாய் மார்க்கத்தில் சுமார் 460 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால் கோட்டா வருகிறது. நகரை அடைவதற்குச் சற்று முன்னர் வண்டி சம்பல் நதியைக் கடக்கிறது. கார்த்திகை மாதத்தில் நாங்கள் சென்றபோது எங்கள் பெட்டியில் பாதிப் பேர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவிடப் போகும் பெற்றோருமாகவே இருந்தனர்.

பாலத்தின்மீது சக்கரங்களின் ஓசை மாறியதும், எதிர் ஆசனத்திலிருந்த ஒரு தகப்பனார் தம் மகனிடம் ஹிந்தியில் கணக்குப் போட்டார். வண்டியின் நீளம் 400 மீட்டர், பாலம் 500 மீட்டர், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். கடக்க எவ்வளவு நேரமாகும்? பையன் சட்டென்று “25 விநாடி” என்றான். “வண்டியின் வாலைப் பாலத்தின் மேலேயே விட்டுவிட்டாயே!” என்று தகப்பனார் சிரித்தார். மணிக்கு 72 என்றால் விநாடிக்கு 20 மீட்டர், கடக்க வேண்டியது 900 மீட்டர், 45 விநாடி. பையன் சிரிக்கவில்லை.

கோட்டா பழைய சமஸ்தானத் தலைநகரம். நம் வீடுகளில் தரைக்குப் பதிக்கும் கோட்டாக் கல் இந்தப் பிரதேசத்துக் கல்லே. அருகிலுள்ள கைத்தூனில் கட்டம் கட்டமான மெல்லிய கோட்டா டோரியாப் புடைவைகளை நெய்கிறார்கள். 1960-இல் முடிந்த அணைக்கட்டிலிருந்து கால்வாய்கள் பிரிந்து செல்லும் காட்சி காணத் தக்கது. பெருங்காய மணம் கமழும் கச்சோரியைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

இன்று கோட்டாவின் பெயரைத் தேசமெங்கும் பரப்பியிருப்பது ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி. ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் என்ஜினீயராக இருந்த வி.கே. பன்ஸல், தசைகள் வலுவிழக்கும் நோயால் நடமாட்டம் குன்றியவர். 1980-களின் தொடக்கத்தில் வீட்டிலேயே சில பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலானார். அவரிடம் பயின்றவர்கள் தேர்ச்சி பெறவே, கூட்டம் பெருகிற்று. ஆலை 1997-இல் மூடப்பட்டது. பட்டணமோ பயிற்சியால் பிழைத்துக்கொண்டது. பன்ஸல் 2021-இல் காலமானார். தல்வண்டி, விக்ஞான் நகர், ஜவாஹர் நகர் என்று எந்தப் பேட்டைக்குச் சென்றாலும் விடுதிகள், ஜெராக்ஸ் கடைகள், சாப்பாட்டு மெஸ்கள். தல்வண்டியிலுள்ள ராதா கிருஷ்ணர் ஆலயத்துச் சுவரில் மாணவர்கள் தங்கள் வேண்டுதல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை நின்று வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

நாங்கள் சென்றது வேடிக்கை பார்ப்பதற்கன்று. நம் சங்கத்து அன்பர் ஒருவரின் குமாரன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். மதிப்பெண் குறைகிறது, தொலைபேசியில் பேச்சும் குறைகிறது என்று பெற்றோர் கவலையுற்று, நேரில் பார்த்துவரச் சொல்லியிருந்தார்கள். கட்டில், மேஜை, மின்விசிறி இவற்றுக்கு மட்டுமே இடமுள்ள அறையில் அவனைக் கண்டோம்.

“மாமா, கஷ்டமான கணக்கிலே மார்க் போகவில்லை. பெருக்கல், வகுத்தலிலேதான் போகிறது” என்றான்.

விடைத்தாள்களைப் பார்த்தால் அவன் சொன்னது மெய்தான். ஜே.இ.இ. மெயின் தேர்வில் 75 வினாக்களுக்கு 180 நிமிஷம். ஒன்றுக்கு 2 நிமிஷம் 24 விநாடி. கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. சரியான விடைக்கு 4. தவறினால் 1 கழியும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால், சராசரியாக நான்கு வினாவுக்கு ஒரு மதிப்பெண்தான் மிஞ்சும். இரண்டைத் தள்ளிவிட்டுக் குறித்தால் இரண்டு வினாவுக்கே மூன்று மிஞ்சும். ஆகவே விடையைக் காண்பது போலவே, விடையாக இருக்க முடியாததைக் காண்பதும் பயிற்சிக்குரியது.

அவனுடைய ஆசிரியர், நாள்தோறும் கொடுக்கும் பயிற்சித் தாளில் தவறியவற்றை மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்: முறை தெரியாதவை, வினாவைச் சரியாக வாசிக்காதவை, கணக்கிடுகையில் பிசகியவை. இது மிகச் சிறந்த வழி என்பது எங்கள் அபிப்பிராயம். பையனின் நோட்டில் முதற் பத்தி ஏறக்குறையக் காலி. மூன்றாவது பத்தி பக்கம் தாண்டி ஓடியது. போகும்போது மணிக்கு 40, வரும்போது 60 கிலோமீட்டர் என்றால் சராசரி 50 என்று எழுதியிருந்தான். தூரம் 120 என்று வைத்துக்கொண்டால் போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ ஐந்தால் வகுக்க 48. “இது ஆறாம் வகுப்புக் கணக்கு, மாமா” என்று தலை குனிந்தான்.

640-இல் 12½ சதவிகிதம் காண, அவன் தசமப் புள்ளி வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தான். அது நம் பாட்டிமார் அறிந்த அரைக்கால். எட்டால் வகுத்தால் 80. 5 சதவிகிதம் ஒரு மா, 15 மும்மா, 6¼ வீசம். இவை தமிழில் வாய்ப்பாடாகவே இருந்தவை என்றதும், அன்று முதன்முறையாக அவன் முகம் மலர்ந்தது. “எங்கள் பாட்டிக்கு இதெல்லாம் தெரியும்” என்றான்.

புறப்படும் வேளையில் தலைக்கு மேலிருந்த மின்விசிறியைப் பார்த்தோம். பாரம் தொங்கினால் கீழே இறங்கிவிடும்படி வில்கம்பி பொருத்தியது அது. 2023-இல் இந்நகரில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ஜில்லா நிர்வாகம் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியதோடு, பயிற்சித் தேர்வுகளையும் இரண்டு மாதம் நிறுத்தச் சொல்லிற்று. பதினாறு வயது நிரம்பாதவரைச் சேர்க்கலாகாது என்று மத்திய அரசு 2024 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது.

அன்றிரவே பையனின் தகப்பனாரை அழைத்தோம். “கணக்கில் குறையில்லை, பையன் உறங்குவதில்லை. தனியாக இருக்கிறான்” என்று மட்டும் சொன்னோம். கட்டிய பணம் திரும்பாது என்று அவர் சொல்லவில்லை, மறுநாள் வண்டியேறினார்.

மார்கழி பிறப்பதற்குள் பையன் தில்லி வந்து சேர்ந்தான். 25 கணக்குக்கு 60 நிமிஷம் என்னும் பழக்கம் மட்டும் நாள்தோறும் காலையில் தொடர்கிறது. கடிகாரத்தைப் பார்ப்பவர் பாட்டி. முதல் வாரம் சரியானவை 16. சென்ற வாரம் 19.