கியர் மாத்தினா 'டங்'னு சத்தமா? கியர்பாக்ஸ இறக்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கார்ல கியர் மாத்திட்டு கிளச்ச விடும்போது அடியில 'டங்'னு ஒரு அடி விழுதா? "கியர்பாக்ஸ் போயிருச்சு, இறக்கிப் பாக்கணும்"னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க. சின்ன த்ரெட்.

டாக்டருக்கு ஒர்க்‌ஷாப்ல என்ன வேலைன்னு கேக்கலாம். நான் இருக்கிறது ஆழ்வார்திருநகரியில. திருநெல்வேலி, தூத்துக்குடி, எங்க போகணும்னாலும் எனக்கு என் பழைய டீசல் கார்தான். போன வருஷம் அதுல இந்த சத்தம் ஆரம்பிச்சுது. பெரிய ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஓட்டிக்கூடப் பாக்கல, கியர்பாக்ஸ் வேலை, 35,000 ஆகும்னு எழுதி நீட்டிட்டாங்க. உறுத்தினது காசு மட்டும் இல்ல. நோயாளி உக்காருறதுக்கு முன்னாடியே ஸ்கேன் எழுதுற மாதிரி இருந்துச்சு.

வலின்னு வர்றவங்ககிட்ட நாங்க முதல்ல கேக்குறது இதத்தான்: எப்ப வருது, எதுல கூடுது, எதுல குறையுது? முழங்கால் வலின்னு நொண்டிட்டு வர்ற பையனுக்கு சில நேரம் கோளாறு இடுப்பு மூட்டுல இருக்கும். முழங்கால மட்டும் எக்ஸ்ரே எடுத்துட்டு 'ஒண்ணுமில்ல'ன்னு அனுப்பிடக் கூடாது. காரும் அப்படித்தான். சத்தம் இரும்புல ஓடி வரும். கியர் லிவர் பக்கத்துல கேக்குதுங்கிறதுக்காக நோய் அங்கதான் இருக்கணும்னு இல்ல.

அதனால உங்க காரோட கேஸ் ஹிஸ்டரிய நீங்களே எடுங்க.

கிளச்ச முழுசா மிதிச்சும் கியர் 'கர்ர்'னு அரைச்சுட்டுப் போகுதா? எல்லா கியர்லயும் அப்படின்னா பெரும்பாலும் கிளச் முழுசா விடுபடல. கேபிள், கிளச் ஆயில் இதப் பாக்கணும். ஒரே ஒரு கியர்ல மட்டும் அரைச்சா அந்த கியரோட சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கலாம். கியர்பாக்ஸ இறக்குற பேச்சு அப்பதான் வரணும். வண்டிய ஒடிச்சுத் திருப்பும்போது 'டக் டக் டக்'னா ஆக்சில் ஜாயிண்ட். பள்ளத்துல இறங்கினாலும் பிரேக் அடிச்சாலும் அதே அடின்னா லோயர் ஆர்ம் புஷ்.

ஆனா கியர் அமைதியா விழுது, கிளச்ச விட்டு வண்டி இழுக்கும்போது ஒரே ஒரு 'டங்', ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா இன்னொரு 'டங்'. இதுதான் என் கார். முன்சக்கரம் இழுக்குற கார்கள்ல என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டியா ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கும். சக்கரத்த முன்னால உருட்டுற அதே விசைக்கு என்ஜின் பின்பக்கமா சாயப் பாக்கும். பிடிச்சு நிறுத்துறது அந்த ரப்பர்தான். அது கிழிஞ்சா மொத்த என்ஜினும் ஆடி, இரும்பு இரும்புல இடிக்கும். டீசல்ல உதறல் அதிகம், மவுண்டிங்குக்கு அடியும் அதிகம்.

உள்ளூர் மெக்கானிக் அண்ணாச்சி இதக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் எடுத்துக்கிட்டாரு. பானெட்ட தூக்கிட்டு, "சார், ஹேண்ட் பிரேக்க இழுத்துட்டு பிரேக்க நல்லா மிதிங்க. ஃபர்ஸ்ட் போட்டு கிளச்ச நூல் அளவு விடுங்க. இப்ப ரிவர்ஸ்." அவரு பக்கவாட்டுல நின்னுதான் பாத்தாரு. வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் ஆள் நிக்கவே கூடாது, இத மறந்துடாதீங்க. என்ஜின் லேசா அசையலாம். என்னுது முட்டுற மாடு மாதிரி துள்ளுச்சு. அடி மவுண்டிங் ரப்பர் ரெண்டா கிழிஞ்சு கிடந்தது.

மவுண்டிங், கூலி எல்லாம் சேத்து 2,800 ரூபாய். மேல ஆயில் கசிஞ்சு அந்த ரப்பர் ஊறிப் போயிருந்ததையும் அண்ணாச்சி காட்டினாரு. கசிவ அடைக்காம புது ரப்பர் போட்டா அதுவும் நிலைக்காதாம். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்துட்டு, ரத்தம் எங்க போகுதுன்னு பாக்காம விடுற கதைதான் அது.

இப்ப பின்சக்கரம் இழுக்குற வண்டிங்க. ஆம்னி, ஈகோ, பொலிரோ எல்லாம் இந்த வகை. இதுல கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு நீள ஷாஃப்ட் போகும். அது வளையுற இடத்துல கிராஸ் ஜாயிண்ட், அதுக்குள்ள ஊசி பேரிங். 'டங்' சத்தத்துக்கு இங்க முதல் சந்தேகம் அந்த கிராஸ் மேலதான்.

2023 டிசம்பர் 17, 18 நம்ம பக்கத்து ஆளுங்க யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை, தாமிரபரணி கரைய மீறி வந்துச்சு. மூழ்கின வண்டிங்கள சீட்ட காய வெச்சு, என்ஜின் ஆயில் மாத்தி, ஸ்டார்ட் ஆனதும் ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஷாஃப்ட்ட எட்டிப் பாத்தவங்க கம்மி. கிராஸுக்குள்ள தண்ணி புகுந்தா கிரீஸ் போயிரும், ஊசி பேரிங் துருப்பிடிக்கும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சத்தம் மாசக்கணக்குல கழிச்சுதான் வரும்.

டயாலிசிஸுக்கு வாரம் ரெண்டு தடவ பாளையங்கோட்டைக்கு ஆள் கூட்டிட்டுப் போற வேன் ஒண்ணு, ஆஸ்பத்திரி வாசல்ல கிளம்பும்போதெல்லாம் இந்த சத்தம். கேட்டா டிரைவர் தம்பி, "பழகிருச்சு சார்"ங்கிறாரு. நெஞ்சு வலிக்காரங்க சொல்ற அதே வார்த்தை! அண்ணாச்சிகிட்ட அனுப்பி வெச்சேன். கிராஸ் மூடியச் சுத்தி செம்மண் மாதிரி துருப்பொடி. ஓட்டத்துல முன் ஜாயிண்ட் விட்டுப் போனா ஷாஃப்ட் ரோட்டுல குத்தி வண்டியையே தூக்கிரும். உள்ள இருக்குறது கையில ஃபிஸ்டுலாவோட ஒரு பெரியவர்.

நீங்களே பாக்கலாம். சமதளத்துல வண்டிய நிறுத்தி, என்ஜின அணைச்சு, ஷாஃப்ட் சூடு ஆறட்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லு வெச்சு, நியூட்ரல்ல போட்டு, ஷாஃப்ட்ட கையால பிடிச்சு முறுக்கிப் பாருங்க. முழு ஷாஃப்ட்டும் லேசா திரும்புறது சகஜம். கிராஸ்லயே ஆட்டமோ துருப்பொடியோ இருந்தா மாத்திருங்க. வெள்ளத்துல நின்ன வண்டின்னா பின் ஆக்சில் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாக்கச் சொல்லுங்க. பால் கலந்த டீ நிறத்துல வந்தா தண்ணி புகுந்திருக்கு. நிப்பிள் இருக்குற கிராஸ்னா ஒவ்வொரு சர்வீசுக்கும் கிரீஸ் அடிக்கணும். கூட நின்னு அடிக்க வைங்க, பில்லுல எழுதிட்டு அடிக்காம விடுறதும் நடக்கும்.