கைபட்ட கோப்புகள்

திறமூல இயங்குதளங்களைப் பயன்படுத்துவோரிடையே எந்த வழங்கல் சிறந்தது என்ற வாதம் ஓய்வதே இல்லை. லினக்ஸ் கெர்னலையும் (வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மையப் பகுதி) அதன்மேல் இயங்கும் மென்பொருள்களையும் நிறுவிப் புதுப்பிக்கும் கருவிகளுடன் ஒன்றுசேர்த்துத் தருவதே வழங்கல் எனப்படுகிறது. கணினியில் அதை நிறுவும் நாளில் அந்த வாதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. ஆனால் அதே கணினியை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பவருக்கு, தாம் எந்தெந்தக் கோப்பில் கைவைத்தோம் என்பதை மறவாதிருக்கும் பழக்கமே பெரிதும் கைகொடுக்கிறது.

1993இல் இயன் மர்டாக் தொடங்கி, தன்னார்வலர்களால் நடத்தப்பட்டுவரும் டெபியன் இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை இதன் நிலைப்பதிப்பு வெளியாகிறது. 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன. வெளியானபின் பெரும்பாலான பொதிகளின் (நிறுவுவதற்கேற்பக் கட்டித் தரப்படும் மென்பொருள்களின்) பதிப்பு மாறுவதில்லை என்பதாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் அந்தப் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தரப்படுவதாலும், பதிப்பெண்ணை மட்டும் பார்த்து இது காலாவதியான மென்பொருள் என்று புதியவர்கள் மிரள்வதுண்டு. திருத்தம் வந்ததற்கான அடையாளம் பதிப்பெண்ணின் வாலில் சேரும் சிறு குறிப்பில் இருக்கிறது. அதைப் பார்க்கும் பொறுமை பலருக்கு இல்லை.

ஒரு நிலைப்பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போதுதான் பராமரிப்பவரின் பழக்கம் சோதனைக்குள்ளாகிறது. அமைவுக் கோப்புகள், அதாவது ஒரு சேவை எப்படி நடக்கவேண்டும் என்று வரையறுக்கும் எழுத்துக் கோப்புகள், பெரும்பாலும் ஈடிசி என்னும் கோப்புறையில் இருக்கின்றன. பொதிகளை நிறுவும் அடிப்படைக் கருவியான டீபிகேஜி, அவை ஒவ்வொன்றும் பொதியில் கடைசியாக வந்தபோது இருந்த நிலையை ஒரு சரிபார்ப்பெண்ணாகக் குறித்து வைத்திருக்கிறது. பயனர் தொடாத கோப்பு என்றால் புதியதைச் சத்தமின்றி வைத்துவிடும். பொதியில் மாற்றம் இல்லையென்றால் பயனர் திருத்தியதை அப்படியே விட்டுவிடும். இருபுறமும் மாறியிருந்தால் மட்டும் நின்று, பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா என்று கேட்கும். வெறுமனே என்டர் விசையைத் தட்டினால் பழையதே நீடிக்கும். இரண்டுக்குமான வேறுபாட்டைக் காட்டச் சொல்லும் வசதியும் அக்கேள்வியிலேயே உண்டு. அதைப் பார்த்தபின்னும் திருத்தத்தின் காரணம் நினைவுக்கு வராமல் விழிப்பவர்களே அதிகம், ஏனெனில் என்றோ ஒரு நள்ளிரவில் ஏதோவொரு கோளாற்றைத் தீர்க்கச் சேர்த்த வரிக்கு அருகே விளக்கக் குறிப்பு எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஈடிசி கோப்புறையின் மாற்றங்களையெல்லாம் கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வரலாறாகப் பதியும் ஈடிசிகீப்பர் இந்த மறதிக்கு ஓரளவு மருந்து. எதை மாற்றினோம் என்பதை அது சொல்லும், ஏன் மாற்றினோம் என்பதைப் பயனர்தான் எழுதவேண்டும்.

வெளிக் களஞ்சியங்களையும் வேறு பதிப்புகளின் பொதிகளையும் கலந்து நிறுவுவதால் வரும் சிக்கல் இதனினும் கொடியது. அத்தகைய கலவையை டெபியன் பயனர்கள் ஃபிராங்கன்டெபியன் என்று கேலி செய்கிறார்கள். கலந்த பொதிகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் சிலவற்றை நீக்க நேரும். பொதிகளைக் களஞ்சியத்திலிருந்து பெற்றுத்தரும் ஆப்ட் கருவி நிறுவலுக்கு முன் காட்டும் நீக்கப் பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவர், மேசைச் சூழல் முழுவதும் காணாமல் போனபின் வழங்கலைக் குறை சொல்வது அவ்வளவு நியாயமன்று.

அமைவுக் கோப்புகளைப் பொறுத்தவரை, தேர்ந்தவர்கள் மூலக் கோப்பைத் தொடுவதையே தவிர்த்து, துணைக் கோப்புறையில் தங்கள் மாற்றத்தை மட்டும் தனிக் கோப்பாக வைக்கிறார்கள். மூலம் தீண்டப்படாததால் மேம்படுத்தலின்போது கேள்வியே எழுவதில்லை. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கெர்னல் அளவுருக்களை வரையறுக்கும் சிஸ்சிடிஎல் கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்பட்டுக் கடைசியில் வந்த மதிப்பே நிலைக்கிறது. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையிலோ பெரும்பாலான அமைவுகளுக்கு முதலில் கண்ட மதிப்பே செல்லும், துணைக் கோப்புகளைச் சேர்க்கும் வரியும் மூலக் கோப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே முன்னதில் கோப்பின் பெயரை 99 என்று தொடங்குபவர், பின்னதில் 00 என்று தொடங்குகிறார்.