ஓட்டம் சோறு போடுமா?

உட்லண்ட்ஸ்காரர்களுக்கு ஊர்ப்பெருமை பேச அதிகம் கிடைக்காது. ஜொகூர் போகிறவர்கள் கடந்துபோகும் இடம், அவ்வளவுதான். ஆனால் எங்களிடம் ஒன்று உண்டு: சாம்பியன்ஸ் வேயில் 2004இல் திறந்த சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி. அதுவும் காலாங்குக்கு இடம் மாறும் என்று 2024 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் அறிவித்துவிட்டார்.

மற்ற உயர்நிலைப்பள்ளிகளில் ஓட்டம் என்பது இணைப்பாட நடவடிக்கை. பாடம் முடிந்து, டியூஷன் போக, மிச்சமிருக்கும் நேரத்தில் ஓட வேண்டும். இங்கே பயிற்சியை ஒட்டித்தான் வகுப்புகள் அமையும். விடுதி உள்ளேயே இருக்கிறது. படிப்பையும் யாரும் கைவிடச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே கால அட்டவணைக்குள் வரும், அதுதான் வித்தியாசம்.

தொடக்கநிலை ஆறில் நான் பள்ளியின் தொடரோட்ட அணியில் இருந்தேன். அந்தப் பள்ளிக்கு முயன்று பார்க்கும்படி ஆசிரியர் சொன்னதை வீட்டில் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “ஓட்டம் சோறு போடுமாடி?” என்றார். “கால்ல அடிபட்டா அப்புறம் என்ன பண்ணுவே?” என்றார் அப்பா. கோபமெல்லாம் இல்லை. வேலை முடிந்து இரவு வகுப்புக்குப் போய், தேர்வெழுதி, மேற்பார்வையாளர் ஆனவர் அப்பா. சான்றிதழ் அவருக்குச் செய்ததை எந்தப் பதக்கமும் செய்ததில்லை. நான் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தேன்.

அம்மாவின் கேள்வி விளையாட்டுப் பள்ளியைவிட மூத்தது. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் வெள்ளி வென்றவர் சி. குணாளன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 10.38 விநாடிதான், 2001இல் யு.கே. ஷ்யாம் 10.37இல் ஓடும்வரை நம் தேசியச் சாதனை. முப்பத்து மூன்று வருடம்! அந்தக் குணாளனுக்குச் சோறு போட்டது ஆசிரியர் வேலை.

விளையாட்டுப் பள்ளியில் படித்த சாந்தி பெரேராவின் கதையும் நேர்கோடு இல்லை. 2015இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். அடுத்த தங்கத்துக்கு 2022 வரை காத்திருந்தார். நடுவில் உதவித்தொகையும் நின்றுபோனது. பிறகுதான் 2023 ஹாங்ஜோ: 100 மீட்டரில் வெள்ளி, 200 மீட்டரில் தங்கம். ஆசிய விளையாட்டுத் தடகளத்தில் 1974க்குப் பிறகு சிங்கப்பூர் வென்ற முதல் தங்கம் அது.

அன்று தொலைக்காட்சி முன்னால் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். “நம்ம வீட்டுப் புள்ள மாதிரியே இருக்கா, பாரேன்!” நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கத்தை எல்லாரும் பார்த்தோம். அதற்கு முந்தைய ஏழு வருடங்களை அந்த வீட்டார்தானே பார்த்திருப்பார்கள்? அப்படிப்பட்ட வருடங்களின் பாரத்தை ஒரு குடும்பம் மட்டுமே சுமக்கக்கூடாது என்பதற்குத்தான் இப்படியொரு பள்ளி தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன். அது இருந்தும் பாரம் முழுதாகக் குறைவதில்லை என்பதும் தெரிகிறது.

இடமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. காலாங்கில் தேசிய விளையாட்டரங்கம் இருக்கிறது, தேசிய அணிகளும் அங்கே பயிற்சி செய்யும். விடுதியில் தங்கும் பிள்ளைக்கு உட்லண்ட்ஸ் என்ன, காலாங் என்ன? எனக்கு உறுத்துவது வேறு. பெரிய விளையாட்டுப் பையோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளை இந்த ஊர்ச் சிறுவர்கள் இனி பார்க்கமாட்டார்கள். ‘இதுவும் ஒரு படிப்புதான்’ என்று எனக்குத் தெரிந்ததே அவர்களைப் பார்த்துத்தான்.

அக்கா மகளுக்கு எட்டு வயது. புளோக்குக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். என்றைக்காவது அக்காவும் அதே கேள்வியைக் கேட்பாள். “போடாமலும் போகலாம்க்கா” என்றுதான் சொல்வேன். குணாளனைப் பற்றியும் அந்த ஏழு வருடங்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்வேன். அதன்பிறகு, ஒருநாள் மூவரும் காலாங் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்பேன்.