உழைச்செல்வான்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரம் என்றே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறை சொல்வதற்கில்லை, அதன் பெரும்பகுதி பசியையும் செரிமானத்தையும் பற்றியதுதான். ஆனால் கடைசிக் குறளில் (950) வள்ளுவர் திடீரென ஒரு நிர்வாகியைப் போலப் பேசுகிறார். மருத்துவம் என்பது நான்கு கூறுகளைக் கொண்டது என்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, நான்காவதாக உழைச்செல்வான். 'உழை' என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் சென்று நிற்பவர்.

இந்தக் குறளை நாங்கள் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். முதல் மூன்றுக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. நான்காவதற்கு 'செவிலியர்' என்று பொருள் எழுதிப்போட்டுவிட்டு மணியடிப்பதற்குள் அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவது வழக்கம். சென்ற ஆண்டு மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, உழைச்செல்வாள்னு ஏன் எழுதல?" என்று கேட்டாள். அவள் தாயார் மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்ப்பவர். செய்யுளில் ஆண்பால் பொதுவாக இருபாலுக்கும் ஆகிவரும் என்ற இலக்கண விடையைச் சொன்னோம். விடை சரிதான், கேள்வி அதனோடு தீர்ந்துவிடவில்லை.

பரிமேலழகர் நால்வருக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்கிறார். நோயாளிக்கு வேண்டியவற்றுள் முதலாவதாக அவர் வைப்பது பொருளுடைமை. கையில் காசில்லாதவன் நோயாளியாவதற்கே தகுதியற்றவன் என்று அதை வாசிக்கலாம். அல்லது உலகியல் தெரிந்த ஒருவர் உள்ளதை உள்ளபடி எழுதினார் என்றும் வாசிக்கலாம். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் கேட்பது வேறு: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு. நான்காமவரை வெறும் ஏவலாளாக அவர் நினைக்கவில்லை என்பது அந்தக் கடைசிச் சொல்லிலிருந்தே விளங்கும்.

சங்கரன்கோவிலில் எங்கள் இளமைக் காலத்தில் இந்த நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில், முன்பக்கம் தட்டியடைத்த ஒரு வீட்டில், எம்.பி.பி.எஸ். படித்த ஒரு மருத்துவர் இருந்தார். காலையில் விசைத்தறிக் கூடங்களிலிருந்து பஞ்சுத்தூசி படிந்த தலையோடு இருமிக்கொண்டு வருபவர்கள். மாலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருபவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல், கிழவிக்கு மூட்டுவலி, தேள்கடி, பேறுகாலம், எல்லாம் அவரிடந்தான். நெற்றியில் புற்றுமண் பூசியபடி வருபவர்களும் உண்டு. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண் தோல்நோய்க்கு மருந்து என்பது இப்பக்கத்து மக்களின் நம்பிக்கை. மருத்துவர் அதைக் கேலி செய்ததில்லை. "மண்ண நெத்தியில வை, களிம்பப் புண்ணுல போடு" என்பார். இரண்டுக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

அவரைவிட எங்கள் நினைவில் அழுத்தமாகப் பதிந்திருப்பவர் அவருடைய கம்பவுண்டர். ஊர் முழுவதும் அவரைக் கம்பவுண்டர் அண்ணாச்சி என்றே அழைத்தது. சிவப்பு மிக்சரைப் புட்டியில் ஊற்றி, காகிதத்தைப் பல்வரிசை போல வெட்டி ஒட்டி, வேளைக்கு ஒரு பல் என்று சொல்லிக் கொடுப்பவர் அவர். ஆனால் அவருடைய உண்மையான வேலை அதுவன்று. வரிசையில் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்தே யாரை முதலில் உள்ளே விடவேண்டும் என்று முடிவு செய்வார். எந்த வீட்டில் மருமகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைப்பதில்லை, எந்தத் தறிக்காரர் மாத்திரைக் காசில் குடிக்கிறார், எந்தக் கிழவர் மருந்தைத் தின்றதாகப் பொய் சொல்லித் திண்ணைக்கு அடியில் போடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நோயாளி உள்ளே நுழையும்போதே மருத்துவரின் காதருகே இரண்டு சொற்கள் சொல்லிவிடுவார். மருத்துவர் எழுதிய சீட்டில் பாதி அந்த இரண்டு சொற்களிலிருந்து வந்தது என்பது எங்கள் துணிபு.

மருத்துவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் பெரிய படிப்புப் படித்துப் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள், இயல்புதானே. அண்ணாச்சி கடைசிக் காலத்தில் ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தார். பழைய ஆட்கள் அங்கும் போய் அவரிடம் நாடியை நீட்டினார்கள். அவர் கையை விலக்கி, "டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார். தமக்குத் தெரிந்ததன் எல்லையும் அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாக் கம்பவுண்டர்களும் அப்படி இருந்ததில்லை. மருத்துவர் போனபின் தாமே ஊசி போட ஆரம்பித்து, உயிர்களோடு விளையாடியவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. இரண்டாமவர் இல்லாத நான்காமவர் ஆபத்து. நான்காமவர் இல்லாத இரண்டாமவரின் கதை வேறு.

அதை நாங்கள் எங்கள் தாயாரின் காலில் பார்த்தோம். அவருக்குச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இருபது ஆண்டுகளாக உண்டு. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நகரத்தில் சர்க்கரைக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என மூன்று நிபுணர்களிடம் காட்டி வந்தோம். மூவரும் திறமைசாலிகள். மூவர் மேசையிலும் அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாள்கள் தடிமனாக இருந்தன. வலது பாதத்தின் அடியில், வலியே தெரியாமல் ஒரு புண் திறந்திருந்ததை அம்மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அதைப் பார்த்தவர், வீட்டுக்கு வந்து இரத்தக்கொதிப்பு அளந்து மாத்திரை கொடுத்துப் போகும் அடுத்த தெருப் பெண். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர். "ஆச்சி, ஏன் ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கீய?" என்று கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து காலை எடுத்துத் தம் மடியில் வைத்துப் பார்த்தார். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப் போவதால் வலி என்ற காவல்காரன் வேலையை விட்டுப் போய்விடுகிறான், கண்தான் பார்க்கவேண்டும். இன்னும் சில வாரம் போயிருந்தால் விரலையோ பாதத்தையோ எடுத்திருக்க வேண்டும் என்று பின்னர் அறுவை மருத்துவர் சொன்னார். கால் தப்பியது.

அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. அரசியல் மேடைகளில் இதைப் பற்றிச் சொல்லப்படுவதில் எவ்வளவு கழிக்கவேண்டும் என்பது வாசகர்கள் அறிந்ததே. எங்களுக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: வீடு தேடி வருபவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்கள். 'ஆச்சி' என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை.

இது அரசாங்கம் புதிதாகக் கண்டுபிடித்த வழியன்று. மருத்துவர்களே எட்டிப்பார்க்காத இடங்களுக்குப் போன சில மருத்துவர்கள் இதை முன்பே கண்டு தெளிந்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை அவர்களில் மிகவும் படிக்கத்தக்க வாழ்க்கை, தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் இருக்கும் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதியினருடையது. கேரளத்தில், ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்து மருத்துவமனையில் பணியாற்றியபோது, பல மணிநேரம் பயணம் செய்து வருபவர்கள் எளிய நோய்களுக்குக்கூட உயிரை விடுவதைப் பார்த்து, மருத்துவமனையே இல்லாத இடத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். 1993-இல் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட நிலம். மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் ஊர்கள். (இங்கே 'மலையாளி' என்பது கேரளத்தாரைக் குறிக்காது, மலையை ஆள்பவர் என்று அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர். அவர்கள் பேசுவது தமிழ்.) அருகிலிருந்த மருத்துவமனை நாற்பத்தெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் அரூரில். ஊர்மக்கள் கட்டித் தந்த ஒரு குடிசையில், நூறு வாட் விளக்கொன்றின் கீழ் வைத்தியம் தொடங்கிற்று. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூற்று நாற்பத்தேழு குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் இறந்துகொண்டிருந்த காலம் அது.

அவர்கள் வெளியூரிலிருந்து செவிலியர்களைக் கொண்டுவர முயன்றிருந்தால் நடந்திருக்காது. வந்தவர்கள் அடுத்த பேருந்தில் திரும்பியிருப்பார்கள். எனவே அந்த ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவம் பார்க்க, அறுவையில் துணைநிற்க அவர்கள் தேர்ந்தார்கள். இன்னொரு பக்கம், ஒவ்வொரு சிற்றூரும் தானே தெரிவு செய்த மூத்த பெண்கள் சுகாதாரத் துணைவியரானார்கள். கர்ப்பிணியைத் தேடிப் போவது, பிறந்த குழந்தையை எடை பார்ப்பது, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுக்கச் சொல்லித் தருவது அவர்கள் வேலை. புதிதாக வந்த மருத்துவர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடும் மாமியார், தன் வயதுக்காரி வந்து சொன்னால் எதிர்த்துப் பேசுவாள். எதிர்த்துப் பேசி முடித்தபின் செய்வாள். குழந்தை மரணம் ஆயிரத்துக்கு இருபது என்ற அளவுக்கு இறங்கியது. குடிசை இருந்த இடத்தில் முப்பத்தைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. பின்னர் அவர்கள் இயற்கை வேளாண்மைக்கும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலையை மீட்கும் 'பொற்கை' என்ற அமைப்புக்கும் போனது, சிறுதானியம் போய்ப் பணப்பயிர் வந்த நிலத்தில் ஊட்டக்குறைவை மாத்திரையால் தீர்க்க முடியாது என்று தெளிந்ததனால்தான்.

இதற்கு முன்னோடி உண்டு. வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதியினர் 1970-இல் மகாராஷ்டிரத்தின் வறண்ட ஜாம்கேட்டில் இதையே செய்தார்கள். முதலில் பயிற்சி பெற்ற செவிலியர்களை ஊர்களில் குடிவைக்க எண்ணி அது பலிக்காமல், எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுள் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். தீண்டத்தகாதவள் என்று கிணற்றடியில் விரட்டப்பட்டவளின் கையில் ஊர் தன் பிள்ளையைக் கொடுத்தது. வேலூரிலேயே ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கிய பின்னர், 1918-இல்தான் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இந்த வரிசை தற்செயலானதன்று என்றே கருதுகிறோம். கூடலூரில் 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பும் பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாக்கி நிற்கிறது.

நம் பத்திரிகைகள் இத்தகைய மருத்துவர்களைப் பற்றி எழுதும்போது தியாகம் என்ற சொல்லைத் தாராளமாகச் செலவிடுகின்றன. அச்சொல்லின் மீது எங்களுக்கு ஐயம் உண்டு. தியாகம் செய்பவர் ஒருவர். அவர் போனதும் வேலையும் போய்விடும். சங்கரன்கோவிலில் நடந்தது அதுதான். எங்கள் மருத்துவர் நல்லவர், ஆனால் தமக்குப் பின் யார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. நாங்களும் அவரிடம் கேட்டதில்லை. அவர் என்றும் இருப்பார் என்றிருந்தோம்.

மருத்துவர்களையும் ஊர்ப்பக்கம் நிறுத்தி வைக்கத் தமிழ்நாடு ஒரு வழி வைத்திருக்கிறது. மலையிலும் எட்டாத ஊர்களிலும் அரசுப்பணி செய்த மருத்துவருக்கு மேற்படிப்பில் இடஒதுக்கீடு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிகளால் சிக்கலான அந்த உரிமையை உச்சநீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31 அன்று மாநிலங்களுக்கு உறுதிசெய்தது. அதே 2020-இல் அரசுப்பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் ஏழரை விழுக்காடு உள்ஒதுக்கீடும் சட்டமாயிற்று. இரண்டாவதில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். முதலாவது, மருத்துவரை மேற்படிப்பு வரைக்கும் கிராமத்தில் வைத்திருக்கும். அதன்பின் நிபுணராகி நகரத்துக்குப் போய்விடுவார். மானாவாரிக் காட்டில் அப்பாவோடு களையெடுத்துவிட்டு நீட் எழுதிய பிள்ளைக்குக் குறைந்தபட்சம் இந்த ஊரின் நடை தெரியும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தால் கண்ணில் படும். திரும்பி வருவார்களா என்பது அவர்கள் விருப்பம்; வரவேண்டும் என்று அவர்கள் தலையில் மட்டும் கடமையைச் சுமத்துவது நியாயமன்று. நிபுணர்களின் பிள்ளைகளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எங்கள் தாயாரின் காலைப் பார்த்த பெண்ணுக்கு அரசு கொடுப்பது சம்பளமன்று, ஊக்கத்தொகை. பக்கத்தில் நிற்பவருக்குப் பரிமேலழகர் கேட்ட நான்கும் அவரிடம் இருக்கின்றன. பொருளுடைமையை உரைகாரர் அவரிடம் கேட்கவில்லை என்பது அவருக்கு நல்லதாயிற்று. காலையில் பூக்கட்டிக் கொடுத்துவிட்டு, பகலில் தெருத்தெருவாக நடந்து, மாலையில் கைப்பேசியில் கணக்கு ஏற்றுகிறார். எந்த வீட்டில் யார் மாத்திரையைத் திண்ணைக்கு அடியில் போடுகிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் கைப்பேசியில் அதைப் பதிய இடமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டோம்.

"சொல்லலாம் சார். அவுக மாசத்துக்கு ஒருக்க மாறிருதாகளே" என்றார்.