விண்வெளித் தொழிலும் பொதுப்பணமும்

தமிழிலக்கியம் பயிலும் எனக்கு விண்கலங்களோடு யாது தொடர்பு என்று நண்பர் சிலர் நகைப்பர். ஆயினும், குடிகளின் வரிப்பணம் எவ்வழிச் செல்கின்றது என்று வினவுதல் எக்கலை பயில்வார்க்கும் உரியதன்றோ?

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், விண்வெளித் துறையில் புதிதாய்த் தலையெடுக்கும் கம்பெனிகளுக்கென 1,000 கோடி ரூபாய் நிதியொன்றை இந்திய மந்திரிசபை அங்கீகரித்தது. இஃது இனாமன்று, பங்கு பெற்றுக்கொண்டு இடப்படும் முதல். ஒவ்வொரு கம்பெனிக்கும் 10 கோடி முதல் 60 கோடி வரை இடுவதென்பது திட்டம்.

வறியோர் மலிந்த நாட்டில் இஃது ஏற்புடைத்தோ என யானும் பன்னாள் ஐயுற்றேன். ஆனால் இத்தொழிலின் இயல்பை நோக்குமிடத்து ஐயம் தெளிகின்றது. கடன் கொடுப்போர் ஈடு கேட்பர். ராக்கெட்டின் வரைபடத்தை ஈடாக யார் ஏற்பர்? பரீட்சைகளோ பல்லாண்டு நீளும். ஊதியம் வருமுன் முதல் கரையும். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் கம்பெனி 2017-இல் தோன்றிற்று. அதன் முதற் பரீட்சை ராக்கெட், முயற்சிகள் பன்முறை நிறுத்தப்பட்ட பின்னர், 2024 மே 30-ஆம் நாளன்றே ஸ்ரீஹரிகோட்டாவினின்று எழுந்தது. ஏழாண்டு காத்திருக்கும் பொறுமை எந்த வட்டிக்கடைக்கு உண்டு?

ஆதலின் பொதுப்பணம் இடுதல் தக்கதே என்பது என் துணிபு. ஆயின் ஒன்று வேண்டும். இலாபத்தில் பங்கு கொள்ளும் அரசினர், நட்டக் கணக்கையும் மறையாது குடிகள்முன் வைத்தல் கடன். முயன்று தோற்றல் இழிவன்று. தோல்வியை ஒளித்தலே இழிவாம்.